அத்தை மகளா, தங்கச்சியா?

முதலில் வந்தது வெக்கை. போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் ஏர்கோன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்து மேசை ஸ்டெல்லா சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் எடுத்து விசிறிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கிளம்பும் சூடு கழுத்து வழியாக நெற்றிவரை ஏறும். கொஞ்ச நேரத்தில் வேர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கும். "உங்களுக்கு மட்டுந்தான்க்கா சூடா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. அவளோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு இயல்பிலேயே கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த மாதங்களில் அது இன்னும் சீக்கிரம் வந்தது. அதுவும் நோயின் ஒரு பகுதி என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

பிறகு மாதவிலக்கு நின்றது. இதைப் படிக்கும் நீங்களும் குழந்தைக்காகக் காத்திருப்பவராக இருந்தால், நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி ஐந்து ஆண்டுகளாக எந்த நாளுக்காக ஏங்கினேனோ அது வந்துவிட்டது என்று நினைத்தேன். மருந்துக்கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கினேன். ஒரே கோடு. இரண்டாவது கோடு மங்கலாகவாவது இருக்கிறதா என்று குளியலறை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். என் கணவர் சரவணன் லிப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் சாமானின் கோளாறாகப் பார்ப்பது அவர் வழக்கம். பட்டைதான் சரியில்லை, வேறு வாங்கலாம் என்றார். வாங்கினோம். அதிலும் ஒரே கோடுதான்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொன்னார். இரண்டு முறையும் ஒரே முடிவு. எஃப்.எஸ்.எச். (முட்டையை வளர்க்கச் சொல்லி மூளை சினைப்பைக்கு அனுப்பும் சுரப்புநீர்) பல மடங்கு ஏறியிருந்தது. சினைப்பை பதில் சொல்லாததால் மூளை மேலும் மேலும் சத்தம் போடுகிறது என்று விளக்கினார். நோயின் பெயர் சினைப்பை முன்கூட்டியே செயலிழத்தல் (நாற்பது வயதுக்கு முன்பே முட்டை வளர்வது ஏறக்குறைய நின்றுபோவது). எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார்.

டாக்டருக்குத் தெரியாத காரணம் உறவினர்களுக்குத் தெரியும். குலசாமி, ஐஸ் தண்ணீர், கைப்பேசி, நான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீங்களும் ஆட்டிவிடுங்கள். வாதாடினால் தொண்டைதான் வறளும். ஆனால் வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. என் வயதுப் பெண்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவசரமாக வேலைக்கு ஓடும்போது, எனக்கு மட்டும் கிழவியின் உடம்பு வந்துவிட்டது என்று தோன்றியது. அவமானமாக இருந்தது. ஏன் அவமானம் என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

சுபாங் ஜெயாவில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்துக்கு எங்களை அனுப்பினார்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைப் படங்கள். இந்த அறையில் காத்திருப்பவர்களுக்கு மலையையோ கடலையோ மாட்டி வைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே இருந்த மருத்துவர் தமிழர், ஐம்பதை நெருங்கும் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். என் முட்டையில் குழந்தை என்பது ஏறக்குறைய நடக்காது, ஆனால் கருப்பைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வேறொரு பெண்ணின் முட்டையோடு சரவணனின் விந்தணுவைச் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக வளர்த்து, என் கருப்பைக்குள் வைக்கலாம்.

பிள்ளை யாருடையது என்று கேட்டேன். நான் கேட்க நினைத்தது அது ஒன்றுதான். இதற்கென்று தனிச்சட்டம் இன்னும் வரவில்லை, மருத்துவ வழிகாட்டு நெறிகள்தான் இருக்கின்றன என்றார் அவர். சட்டப்படி மணமான தம்பதிக்குத்தான் செய்வார்கள். முஸ்லிம் தம்பதிக்கு மூன்றாம் ஆளின் முட்டைக்கோ விந்துக்கோ அவர்கள் மார்க்கம் இடம் தருவதில்லை. மற்றவர்களுக்கு மருத்துவமனை விதியும் அவரவர் மனசாட்சியும். பெற்றெடுப்பவள்தான் தாய் என்று பதிவாகும். முட்டை கொடுப்பவர் உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்துப் போடுவார். "ஆனா வாணி, நாளைக்கு இப்படி ஒரு கேஸ் கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் சிகிச்சை பெறலாம் என்று முடிவு செய்தேன்.

முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கலாம், தெரிந்தவரிடமும் வாங்கலாம். முகம் தெரியாதவர் என்றால் உயரம், ரத்த வகை, இனம் ஆகியவற்றோடு சரி. எனக்குப் பயமாக இருந்தது. கிள்ளானில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் எதிரே வரும் பெண்களின் மூக்கையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டே ஒரு ஆயுளைக் கழிக்க வேண்டும். எனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லை. ஒரே ஒரு அண்ணன், முரளி. பூச்சோங்கில் இருக்கிறான். அவன் மனைவி தேவி பாலர் பள்ளி ஆசிரியை. வயதில் என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்றாலும் முறைக்கு அண்ணி. அவர்களுக்கு ஒரு மகன், கவின், அப்போது நான்கு வயது.

அண்ணியிடம் நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னுடையதை எடுத்துக்கொள் வாணி என்றார். அண்ணனிடம் முன்பே பேசியிருந்தார். அந்தத் தோசை கருகியது. ஒரே நிபந்தனை, எங்கள் நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வெளியாள் யாருமில்லை, குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று நான்கு பேரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

சிகிச்சைக்கு முன் ஓர் ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருந்தது. சீனப் பெண்மணி, பொறுமையானவர். பிற்காலத்தில் தேவிக்கு மனம் மாறினால் என்ன செய்வீர்கள், எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் என்ன ஆகும், குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். குழந்தையிடம் சொல்லப்போவதில்லை என்றோம். சொல்வதுதான் நல்லது, யோசித்துப் பாருங்கள் என்றார். யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழர்களான எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணி தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். பல முட்டைகள் ஒரே நேரத்தில் வளரும்போது வயிறு உப்பி வலிக்கும். பள்ளிப் பிள்ளைகள் டீச்சர் வயிற்றில் பாப்பாவா என்று கேட்டதாகச் சிரித்தார். முட்டை சேகரிப்பு (மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் சினைப்பையிலிருந்து முட்டையை உறிஞ்சி எடுப்பது) முடிந்து அவர் வாந்தி எடுத்தபோது நான்தான் பாத்திரம் பிடித்தேன். என் நோய்க்காக இன்னொரு பெண் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்ப்பது, என் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்காக ஒருவர் இதைச் செய்தால் அவர் பக்கத்திலேயே இருங்கள். நன்றி சொல்வதைவிட அது முக்கியம்.

முதல் முறை வைத்த கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. மீரா பிறந்தாள். பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்ததும் மூச்சு நிதானமாக வந்தது. அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவளுக்கு அண்ணியின் காது மடல் அப்படியே வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் என் காது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மீராவுக்கு ஒரு வயது முடிந்ததும் கிள்ளானில் ஒரு கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் மடியில் குழந்தை வீறிட்டது. அப்போது என் பெரியம்மா கவினை இழுத்து முன்னால் நிறுத்தினார். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக் காரியம் எதுவும் அவர் இல்லாமல் நடப்பதில்லை. "டேய் மாப்பிள்ள, உன் பொண்டாட்டி அழுவுறா பாரு. கண்ணத் தொடச்சி விடுலா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ இரண்டு சின்ன மாலைகளைக் கொண்டுவந்தார்கள். கவினுக்கு ஒன்று, மீராவுக்கு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். கவின் வெட்கப்பட்டுக் கொண்டே மாலையைச் சரிசெய்தான்.

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அத்தை மகளும் மாமன் மகனும் எங்களில் கட்டிக்கொள்ளும் முறை. கட்டிக்கொள்கிறார்களோ இல்லையோ, தொட்டிலில் கிடக்கும்போதே கேலி ஆரம்பித்துவிடும். எனக்கும் சின்ன வயதில் அப்படி ஒரு முறைமாப்பிள்ளை இருந்தான், இப்போது ஜொகூரில் லோரி கம்பெனி வைத்திருக்கிறான். அந்தக் கேலியில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள் நான்கு பேரும். ஆனாலும் சுபாங் ஜெயாவில் கையெழுத்துப் போட்ட அன்று, எங்கள் மகளுக்கு முறைமாப்பிள்ளையாகப் போகிறவன் ஒரே பெண்ணின் முட்டையிலிருந்து வந்த அண்ணன் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அண்ணியைக் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டும் எங்கிட்டேருந்து வந்தது வாணி. மாலை போட்டு உக்கார வைக்கிறாங்க. என்னால பாக்க முடியல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதில் முதல் பாதிதான் காதில் விழுந்தது. "மீரா எங்கிட்டேருந்துதான் வந்தா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமா. அம்மா நீதான். நான் ஒரு நாளும் வேற மாதிரி நெனச்சதில்ல. ஆனா கவினுக்கு அவ தங்கச்சி. அதுவும் உண்மதான?"

உள்ளே போனேன். அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

சொல்லாமலே இதை நிறுத்தப் பார்த்தோம். அடுத்த விசேஷத்தில் பெரியம்மா மறுபடி ஆரம்பித்தபோது, பிள்ளைகளிடம் அப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று சரவணன் பணிவாகத்தான் சொன்னார். பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. முறையை வேண்டாம் என்று சொல்வது எங்களில் சின்ன விஷயமில்லை. அண்ணன் பிள்ளையை நான் மட்டமாக நினைக்கிறேன், கையில் நாலு காசு வந்ததும் உறவு கசக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். கிள்ளானில் தன் வீட்டுக்கு அவர் எங்களைக் கூப்பிடுவது நின்றது. தீபாவளிக்கு முறுக்கு வரவில்லை. இதற்கிடையில் கவின் பள்ளியில் தனக்குப் பொண்டாட்டி இருப்பதாகவும் அவளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தான். அண்ணி அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றார், முடியவில்லை.

நான் சுபாங் ஜெயா மருத்துவரிடம் திரும்பிப் போனேன். எலும்பு அடர்த்தி ஸ்கேன் (எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பது) பார்க்கப் போன சாக்கில் இதைக் கேட்டேன். காகிதத்தில் இவர்கள் அத்தை மகளும் மாமன் மகனும்தானே என்றேன். ஆமாம், பெரியவர்களாகிப் பதிவுத் திருமணம் செய்யப் போனால் அங்கே யாருக்கும் தடை சொல்லத் தோன்றாது என்றார். அண்ணனும் தங்கையும் கட்டிக்கொள்ளக்கூடாது என்கிற சட்டத்துக்கு இவர்கள் அண்ணன் தங்கை என்று தெரியவே தெரியாது. மீரா வளர்ந்து எங்காவது போய் விசாரிக்க முடியுமா என்று கேட்டேன்.

"அப்படிப் போய்க் கேக்குற மாதிரி பொதுவான பதிவகம் எனக்குத் தெரிஞ்சு இங்க இல்ல. எங்க ஃபைலும் எத்தன வருஷம் இருக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது. அந்தப் பிள்ளைக்கு ரெக்கார்டுன்னா நீங்க நாலு பேருதான் வாணி. நீங்க வாய மூடிக்கிட்டா அவளுக்கு ஒண்ணுமே இல்ல."

என் பயம் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் எல்லோரும் மீராவின் காதைப் பார்ப்பார்கள், பிறகு அண்ணியைப் பார்ப்பார்கள். ஒரு நாள் மீராவும் பார்ப்பாள். பிறப்புப் பத்திரம் எனக்குக் கொடுத்ததை ஒரு பார்வை பிடுங்கிவிடும் என்று நடுங்கினேன். ரகசியமாகவே வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பயப்படுவது நான், அதன் விலையைக் கொடுக்கப்போவது ஒன்றுமறியாத இரண்டு பிள்ளைகள். இது எந்த நியாயத்தில் சேர்த்தி? அண்ணியைக் கூப்பிட்டு, சொல்லிவிடலாம் என்றேன். அவர் அழுதார். எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

பெரியம்மாவிடம் நானே போனேன். அண்ணி கூட வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றேன். இதைச் சொல்ல வேண்டியவள் நான். பெரியம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தே பார்க்கவில்லை. நோயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இறால் கையிலேயே இருந்தது.

"அப்ப அது தேவி பிள்ளையா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை ஆண்டுகள் ஓடி ஒளிந்திருந்தேன். "இல்ல பெரிம்மா. என் பிள்ள. அண்ணி முட்டை குடுத்தாங்க. நான் சொமந்து பெத்தேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகும் நான் அவள் அம்மாவாகவே இருந்தேன். ஒன்றும் உதிர்ந்து விழவில்லை.

பெரியம்மா நனைந்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் என்னென்ன பேச்சு பேசித் தொலைச்சிருக்கேன்" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணினார். அப்படியானால் முரளி அவளுக்கு மாமனா, என்ன முறை, தேவியை அவள் அத்தை என்று கூப்பிடலாமா என்று நாலு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று எழுந்து இறாலைத் தாளிக்கப் போய்விட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது பிள்ளைகளைச் சேர்த்துக் கேலி பேசினால், "அதெல்லாம் வேணாம், அது அவன் தங்கச்சி மாதிரி" என்று பெரியம்மாவே அடக்கிவிடுகிறார். அந்த 'மாதிரி' மற்றவர்களுக்காக. அவர்களுக்கு இப்போதைக்கு அது போதும் என்று விட்டிருக்கிறோம்.

மீராவுக்கு இப்போது மூன்று வயதாகப் போகிறது. அத்தையிடமிருந்து ஒரு குட்டி முட்டை வாங்கி, அம்மா வயிற்றில் வைத்து, நீ வந்தாய் என்று குளிப்பாட்டும்போது கதையாகச் சொல்கிறேன். அவள் சோப்பு நுரையில்தான் கவனமாக இருக்கிறாள். இருக்கட்டும். எப்போது தெரிந்தது என்று நினைவில்லாத அளவுக்குப் பழகிப்போன விஷயமாக அது இருக்க வேண்டும். நீங்கள் இதே வழியில் போவதாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன், பிறக்கப்போகும் பிள்ளை வீட்டில் ஒவ்வொருவரையும் என்ன முறை வைத்துக் கூப்பிடும் என்று ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

மற்ற பெண்களுக்கு மாதவிலக்கு தானாக நிற்கும் வயது வரும்வரை நான் சுரப்புநீர் மாத்திரை சாப்பிட வேண்டும், எலும்புக்காகவும் இதயத்துக்காகவும். என் தோழிகளுக்கு மாதவிலக்கு நிற்கத் தொடங்கும்போது எனக்கு மாத்திரை முடியும். முன்பெல்லாம் என் உடம்பு எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்விட்டது என்று குமைவேன். இப்போது அப்படி இல்லை. ஒரு பக்கம் வயதாகிவிட்ட உடம்புதான் இன்னொரு பக்கம் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறது. இதில் எது என் உண்மையான வயது என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

கவினிடம் அண்ணியும் நானும் சேர்ந்துதான் சொன்னோம், பூச்சோங் வீட்டில், போன மாதம். எட்டு வயது. முட்டையைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று பதில்களோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"அவ என் தங்கச்சின்னா, நீங்க எப்படி எனக்கு அத்தை?"

அண்ணி என்னைப் பார்த்தார். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிக் கூப்பிடு என்று சொல்லி வைத்தேன். யோசித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் சோபாவில் லேசாகக் கண் அசந்துவிட்டேன். வாசலில் யாரோ சின்னம்மா, சின்னம்மா என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. அண்ணியின் தங்கை வந்திருக்கிறாள் போல என்று நினைத்துப் படுத்தே கிடந்தேன். ஒரு சின்னக் கை என் தோளைப் பிடித்து உலுக்கியது.

"சின்னம்மா, எத்தன தடவ கூப்புடுறது? தங்கச்சி முழிச்சிட்டா."

"வரேன்டா" என்று எழுந்தேன்.